வி த்ரீ தலைவலி: வாசகர் கேள்வி, சயாமா (பர்மாவுல டீச்சரம்மா) பதில்

போன மாசம் டென்ஸ் பத்தி எழுதினதும் வந்த கேள்வில பாதிக்கு மேல இந்த பாஸ்ட் பார்ட்டிசிபிள் பத்திதான், அதான் டியூஷன்ல எல்லாரும் வி த்ரீன்னு சொல்றோமே அது. மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு ஒத்தி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். இங்கிலீஷ் வாக்கியத்தையெல்லாம் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், மனசுக்குள்ள படிக்காம வாய்விட்டு படிங்க.

கேள்வி: சயாமா வணக்கம். என் மகன் கிரேடு சிக்ஸ். கோ, வென்ட், கான், ஈட், ஏட், ஈட்டன்னு மூணு மூணா மனப்பாடம் பண்ண சொல்றாங்க. வென்ட்டும் போனதுதான், கானும் போனதுதான், ஒரே போனதுக்கு எதுக்கும்மா ரெண்டு வார்த்தைன்னு கேக்குறான். எனக்கு சொல்லத் தெரியல. (ஒரு அம்மா, பெகு)

பதில்: தம்பி சரியான இடத்துல புடிச்சிருக்கான். தகராறே அந்த பேர்லதான் இருக்கு. பாஸ்ட் பார்ட்டிசிபிள்னு பேர் வெச்சதால அது நடந்து முடிஞ்ச காலத்தை சொல்ற வார்த்தைன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா அதுக்குள்ள நேத்து இன்னைக்கு நாளைக்குன்னு எதுவுமே கிடையாது. 'தி லெட்டர் வில் பி சென்ட் டுமாரோ', அதாவது கடுதாசி நாளைக்கு அனுப்பப்படும். இதுல சென்ட்ங்கறது வி த்ரீ. பக்கத்துலயே டுமாரோ நிக்குது, ரெண்டுக்கும் ஒரு சண்டையும் இல்ல பாருங்க. காலத்தை சொல்றது முன்னாடி இருக்கற வில் பி. அதையே வாஸ் சென்ட்னு போட்டா போயிடுச்சு, இஸ் சென்ட் எவ்ரி மன்த்னு போட்டா மாசாமாசம் போகுது. சென்ட் மட்டும் அசையாம அப்படியே இருக்கு. வேலை முடிஞ்ச நிலை, இல்லன்னா அந்த வேலைக்கு ஆளான பொருளோட நிலை, அவ்வளவுதான் அது சொல்றது.

வென்ட் அப்படி இல்ல. 'ஹி வென்ட்'னா போனான், முடிஞ்சுது, காலமும் அதுக்குள்ளயே இருக்கு, யார் தயவும் வேண்டாம். கான் தனியா தெருவுக்கு போக பயப்படற சின்னப்புள்ள மாதிரி, ஹேவ், ஹேஸ், ஹேட், இல்லன்னா இஸ், வாஸ், பின்னு யாராவது கையைப் புடிச்சுக்கணும். 'ஹி ஹேஸ் கான்', போயிட்டான், இப்ப இங்க இல்ல. அந்த 'இப்ப'தான் முக்கியம்.

தம்பிக்கு இதை இங்கிலீஷ் கிராமர் புக்கை வெச்சு சொல்லாதீங்க, அவன் தினமும் பேசற பர்மீஸை வெச்சு சொல்லுங்க. பர்மீஸ்ல வினைச்சொல் மாறவே மாறாது, சா ன்னா சாப்பிடறது, அது எப்பவும் சா தான், பின்னாடி ஒட்டறதுதான் மாறும். தெருவுல யாரைப் பாத்தாலும் 'தமின் சா பீபிலா'ன்னு கேக்கறோமே, அது எத்தனை மணிக்கு சாப்பிட்டேன்னு கேக்கல, நேத்தான்னு கேக்கல, இப்ப அந்த வேலை முடிஞ்சு வயிறு ரொம்பியாச்சான்னு கேக்குது. தமிழ்ல சாப்பிட்டாச்சா. இங்கிலீஷ்ல 'ஹேவ் யூ ஈட்டன்?' மூணுலயும் கேள்வி ஒண்ணுதான். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு கேக்கும்போது மட்டும் 'வாட் டிட் யூ ஈட் லாஸ்ட் நைட்'னு டிட் பக்கம் போகணும்.

துணையே வேண்டாத ஒரு இடமும் இருக்கு, அது பொருளோட பேரை ஒட்டிக்கிட்டோ, போர்டுல முத்திரைல தனியாவோ நிக்கறது. அடுத்த தடவை தம்பியை டீக்கடைக்கு கூட்டிட்டுப் போனா கண்ணுல படறதை எண்ணச் சொல்லுங்க. டீ ஆத்தறவர் பக்கத்துல அடுக்கி வெச்சிருக்கற டப்பால கண்டென்ஸ்ட் மில்க், அதாவது சுண்டக் காய்ச்சின பால், கண்டென்ஸ்ட் ஒரு வி த்ரீ. ச்சோ செய்ன், அதாவது இனிப்பும் கொழுப்புமா போடற டீ, அதோட இனிப்பு அதுலேருந்துதான். ஃப்ரைட் ரைஸ், வறுத்த சோறு, ஃப்ரைட் ஒரு வி த்ரீ. பாய்ல்ட் எக் இன்னொண்ணு. வெளில நிக்கற டாக்ஸி அனேகமா ஜப்பான்லேருந்து வந்த யூஸ்ட் கார், அது ஒண்ணு. கதவுல தொங்கற க்ளோஸ்ட் போர்டு, பில்லுல குத்தின பெய்ட் முத்திரை, விசேஷ வீட்டு முன்வரிசை நாற்காலில ஒட்டின ரிசர்வ்ட் சீட்டு, பழைய கம்பெனி போர்டுல வருஷத்துக்கு முன்னாடி இஎஸ்டிடின்னு நாலு எழுத்து போட்டிருப்பாங்களே அது கூட எஸ்டாப்ளிஷ்ட்ங்கறதோட சுருக்கம்தான். பகோடா வாசல்ல 'ஃபுட்வேரிங் ப்ரோஹிபிட்டட்'னு எழுதியிருக்கும். அந்த ஃபுட்வேரிங் நம்ம ஊர்ல முளைச்ச இங்கிலீஷ், லண்டன்காரனுக்கு சிரிப்பு வரும், ஆனா ப்ரோஹிபிட்டட் சுத்தமான வி த்ரீ. உறிச்ச தேங்கா, உடைஞ்ச கண்ணாடி, வறுத்த மீன்னு தமிழ்ல நாம சொல்ற அதே வேலையைத்தான் இங்க அது பண்ணுது.

கேள்வி: இங்கிலீஷ் படத்துல ஐ டன் இட், ஐ சீன் ஹிம்னு பேசறாங்களே சயாமா, அப்ப ஹேவ் இல்லாமலும் பேசலாம்தானே? (இரும்புக்கடைல வேலை பாக்கும் தம்பி, ரங்கூன்)

பதில்: அவங்க அவங்க ஊர்ப் பேச்சு தம்பி அது. இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் நிறைய பேர் வீட்ல அப்படித்தான் பேசறாங்க. ஆனா அவங்க ஆபீஸ்ல அப்படி எழுத மாட்டாங்க, நீ இன்டர்வியூல அப்படி சொன்னா கிராமர் தெரியலன்னு எழுதிடுவாங்க. ஐ டிட் இட், இல்ல ஐ ஹேவ் டன் இட். ரெண்டுல ஒண்ணு.

கேள்வி: சிங்கப்பூர் வேலைக்கு இன்டர்வியூ வருது. என்னைப் பத்தி சொல்றதுக்கு எழுதி வெச்சிருக்கேன், கொஞ்சம் பாருங்க சயாமா. 'ஐ பார்ன் இன் மோல்மீன். ஐ யாம் கிராஜுவேட்டட் இன் ட்வென்ட்டி ட்வென்ட்டி டூ. ஐ ஹேவ் வொர்க் இன் எ ஷாப் ஃபார் த்ரீ இயர்ஸ். ஐ மேரேஜ் லாஸ்ட் இயர்.' (ஒரு தங்கச்சி, மோல்மீன்)

பதில்: நாலு வரியும் நாலு விதமா இடிக்குதும்மா, ஒண்ணொண்ணா பாப்போம்.

முதல்ல பார்ன். தமிழ்ல பிறந்தேன்னு நாமளே செஞ்ச காரியம் மாதிரி சொல்றோம், அதனால ஐ பார்ன்னு வந்துடுது, நம்ம ஆளுங்க பத்துல எட்டு பேர் இப்படித்தான் சொல்றாங்க. இங்கிலீஷ்காரன் கணக்குல பெத்தது அம்மா, நாம சும்மா வந்தவங்க. பேர்னா சுமக்கறது, பெறறது, அதோட வி த்ரீதான் பார்ன். பெறப்பட்டேன்னுதான் சொல்லணும், அதனால வாஸ் கண்டிப்பா வேணும்: 'ஐ வாஸ் பார்ன் இன் மோல்மீன்.' இப்பவும் உயிரோடதானே இருக்கேன்னு ஐ யாம் பார்ன்னு மாத்திடாத, பிறந்தது ஒரு தடவை, அது முடிஞ்சு போச்சு.

ரெண்டாவதுக்கு நேர்மாறு. கிராஜுவேட் பண்ணது நீதான், வருஷமும் சொல்லிட்ட, அதனால யாம் தேவையில்ல: 'ஐ கிராஜுவேட்டட் இன் ட்வென்ட்டி ட்வென்ட்டி டூ.' இங்க கிராஜுவேட்டட் வி டூ, அதாவது வென்ட் மாதிரி மூணுல நடுவுல வர்ற வார்த்தை. ஸ்பெல்லிங் ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனாலதான் குழப்பம்.

மூணாவதுல ஹேவ் வந்துடுச்சுன்னா பின்னாடி வி த்ரீதான் வரணும், ஹேவ் வொர்க்ட். நீ இன்னும் அதே கடைலதான் இருக்கேன்னு நினைக்கறேன், அப்படின்னா ஹேவ் வொர்க்ட் சரி. வேலையை விட்டுட்டேன்னா வெறும் ஐ வொர்க்ட்னு சொல்லு. இந்த வித்தியாசம் இன்டர்வியூ பண்றவங்க காதுல சட்டுனு விழும், ஹேவ் வொர்க்ட்னு நீ சொன்னா இன்னும் வேலைல இருக்கேன்னு எடுத்துக்கிட்டு எப்ப ரிலீஸ் ஆவேன்னு அடுத்த கேள்வி கேப்பாங்க.

நாலாவது மேரேஜ்ங்கறது கல்யாணங்கற பெயர்ச்சொல், அதை வினையா போட முடியாது. 'ஐ காட் மேரிட் லாஸ்ட் இயர்', இல்ல 'ஐ யாம் மேரிட்'. அப்புறம் அவங்களா கேக்காத வரைக்கும் இந்த வரியை நீயா சொல்ல வேண்டாம்னு எனக்கு தோணுது, வேலைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்.

கேள்வி: எப்படித்தான் மனப்பாடம் பண்றது? புக்குக்கு பின்னாடி இருக்கற லிஸ்ட்டை ஏ லேருந்து ஆரம்பிச்சா பி முடியறதுக்குள்ள தூக்கம் வருது. எனக்கு வயசு முப்பதுக்கு மேல. (தட்டோன் வாசகர்)

பதில்: அந்த லிஸ்ட்டை ஏ பி சி வரிசைல படிச்சா யாருக்குமே வராதுங்க, வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அது அகராதி மாதிரி தேடிப் பாக்கறதுக்கு போட்டது. படிக்கறதுன்னா சத்தத்தை வெச்சு கூட்டம் கூட்டமா பிரிச்சுக்கணும். சாதாரணமா புக்குல இருக்கற லிஸ்ட்ல ஒழுங்கில்லாத வினை ஏறக்குறைய 200 இருக்கும், பயப்படாதீங்க, அதுல அரைவாசியை நீங்க வாழ்நாள்ல ஒரு தடவை கூட எழுத மாட்டீங்க. மிச்சம் எல்லா வினைக்கும் கடைசில இ, டி ரெண்டு எழுத்தை, அதான் இந்த 'இடி'யை, ஒட்டினா தீந்துது, வி டூவும் அதேதான் வி த்ரீயும் அதேதான். புதுசா வர்ற வார்த்தை எல்லாமே இந்தப் பக்கம்தான் சேருது, டவுன்லோடட், கூகிள்ட், ஃபோட்டோகாப்பிட்னு.

இப்ப கூட்டத்துக்கு வருவோம். மாறவே மாறாத சோம்பேறிக் கூட்டம் ஒண்ணு இருக்கு, கட், புட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட், லெட், செட், எல்லாம் டி சத்தத்துல முடியும், மூணு இடத்துலயும் அதேதான். அதை ஒரே நாள்ல முடிச்சுடலாம். அடுத்தது வி டூவும் வி த்ரீயும் ஒண்ணா இருக்கற கூட்டம், இதுதான் பெருசு. பை, பாட், பாட். ப்ரிங், ப்ராட், ப்ராட். டீச், டாட், டாட். கேட்ச், திங்க், ஃபைட் எல்லாம் இதே ஆட் சத்தத்துலதான் போய் முடியும். கீப், ஸ்லீப், ஸ்வீப் மூணும் கெப்ட், ஸ்லெப்ட், ஸ்வெப்ட். செல், டெல் ரெண்டும் சோல்ட், டோல்ட். வியாபாரக் குடும்பமா இருந்தா பாட், சோல்ட், பெய்ட், லென்ட் நாலையும் முதல்ல புடிங்க, தினமும் வாய்ல வரும்.

எனக்கு புடிச்சது சத்தம் படி இறங்கற கூட்டம். சிங், சேங், சங். ரிங், ரேங், ரங். ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். பிகின், பிகேன், பிகன். ஸ்விம், ஸ்வேம், ஸ்வம். வாய்விட்டு சொல்லிப் பாருங்க, இ-ல ஆரம்பிச்சு ஏ-க்கு வந்து அ-ல வந்து உக்காரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்ல இந்த மாதிரி உயிரெழுத்து மாத்தற வினை இன்னும் நிறைய இருந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா இடி பக்கம் போயிடுச்சு. ஹெல்ப் கூட ஒரு காலத்துல ஹோல்பன்னு இருந்ததுதான், 1611ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல அது இருக்கு, இன்னைக்கு எல்லாரும் ஹெல்ப்ட்னுதான் சொல்றோம். தினமும் வாய்ல புழங்கினது மட்டும்தான் மாறாம பழைய மாதிரியே தங்கிடுச்சு. அதனாலதான் உங்களுக்கு ரொம்ப தேவைப்படற வினையா பாத்து ஒழுங்கில்லாம இருக்கு, கோ, கம், ஈட், சீ, டூ, கிவ், டேக். வேணும்னே பண்ண சதி இல்ல.

கடைசி கூட்டம் ன்-ல முடியறது. ப்ரேக், ப்ரோக், ப்ரோக்கன். ஸ்பீக்குக்கு ஸ்போக்கன், ஸ்டீலுக்கு ஸ்டோலன், சூஸுக்கு சோஸன், ஃப்ரீஸுக்கு ஃப்ரோஸன். ரைட், ரோட், ரிட்டன், கூடவே ட்ரைவ், ட்ரோவ், ட்ரிவன். நோ, நியூ, நோன், அதே மாதிரி க்ரோ, த்ரோ, ப்ளோ. கம்மும் ரன்னும் மட்டும் ஒரு சுத்து சுத்திட்டு வீட்டுக்கே திரும்பிடும், கம், கேம், கம், ரன், ரேன், ரன்.

ஒரு நாளைக்கு ஒரு கூட்டத்துல அஞ்சு போதும். ஆனா மூணு வார்த்தையை வெறுமன உருப்போடாதீங்க. வி த்ரீயை எப்பவும் ஹேவ் சேர்த்தே சொல்லுங்க, ப்ரேக், ப்ரோக், ஹேவ் ப்ரோக்கன்னு. அப்பதான் எழுதும்போது ஹேவ் வந்தவுடனே நாக்கு தானா ப்ரோக்கன்கிட்ட போகும்.

கேள்வி: கட்டோட வி த்ரீ கட்டட் தானே? (கிரேடு எய்ட் மாணவி, இன்செய்ன்)

பதில்: இல்லடா கண்ணு. கட், கட், கட். 'தி பவர் ஹேஸ் பீன் கட் அகெய்ன்.' இந்த ஒரு வாக்கியத்தை நம்ம ஊர்ல மறக்கவே முடியாது.

கேள்வி: எழுதும்போது இடி சரியா போடறேன், பேசினா மட்டும் நான் ப்ரெசன்ட் டென்ஸ்ல பேசறேன்னு எங்க மேனேஜர் சொல்றார். வாயில என்ன கோளாறு? (ஹோட்டல் ரிசெப்ஷன்ல இருப்பவர், ரங்கூன்)

பதில்: வாயில ஒரு கோளாறும் இல்ல, நாம வளர்ந்த சத்தம் அப்படி. பர்மீஸ்ல வார்த்தை கடைசில வர்ற க், ட், ப் எல்லாம் தொண்டைல ஒரு வெட்டோட நின்னுடும், வெளில வராது. அந்த பழக்கத்துல வொர்க்ட்னு நினைச்சு நீங்க சொல்றது அவர் காதுல வொர்க்னு விழுது. தமிழ் பேசறவங்களுக்கு இன்னொரு பக்கம் வம்பு, கடைசில ஒரு உ சேர்த்து வொர்க்குடுன்னு ஆக்கிடுவோம்.

இடிக்கு மூணு சத்தம் இருக்கு. வொர்க், வாஷ், ஸ்டாப் மாதிரி மூச்சுக்காத்துல முடியறதுக்கு பின்னாடி ட்: வொர்க்ட், வாஷ்ட், ஸ்டாப்ட். க்ளீன், கால், ஸ்டே மாதிரி தொண்டை அதிர முடியறதுக்கு ட-வையே மெதுவா, லேசா அதிர்ற மாதிரி. ஏற்கனவே டி சத்தத்துல முடியற வான்ட், நீட் மாதிரி வார்த்தைக்கு மட்டும்தான் தனியா ஒரு அசை கூடும், வான்டெட், நீடெட். வொர்க்கெட், வாஷ்ஷெட்னு எல்லாத்துக்கும் எட் சேக்கறதை விட்டுடுங்க. பின்னாடி உயிரெழுத்துல ஆரம்பிக்கற வார்த்தையை சேர்த்து சொல்லிப் பழகினா ட் தானா வெளில வரும்: 'ஐ ஹேவ் செக்ட் இட்' அப்படிங்கறதை செக்-டிட்னு ஒரே மூச்சுல சொல்லுங்க.

கேள்வி: ஹேஸ் கான் டு மாண்டலே, ஹேஸ் பீன் டு மாண்டலே. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே? (கம்பெனி கணக்குப்பிள்ளை, ரங்கூன்)

பதில்: இல்லைங்க, உங்க முதலாளியைத் தேடி ஆள் வந்தா தெரியும். 'ஹி ஹேஸ் கான் டு மாண்டலே'ன்னா போயிருக்கார், இன்னும் வரல, வந்தவர் திரும்பிப் போயிடுவார். 'ஹி ஹேஸ் பீன் டு மாண்டலே'ன்னா எப்பவோ போயிட்டு வந்திருக்கார், அந்த ஊரைப் பாத்தவர். பர்மீஸ்ல நமக்கு இது தண்ணிபட்ட பாடு, துவா பீ ன்னா போயாச்சு, துவா பூடே ன்னா போன அனுபவம் இருக்கு. அந்த பூடேதான் ஹேவ் பீன். தமிழ்ல ரெண்டுக்குமே 'போயிருக்கார்'னு சொல்லிடறோம், அதனால தமிழை நம்பி எழுதினா மாட்டிக்குவீங்க, இந்த ஒரு விஷயத்துல பர்மீஸைப் புடிச்சுக்கங்க.

கேள்வி: பேத்தி யூடியூப் பாத்து 'ஐ ஹேவ் காட்டன் எ ஜாப்'ங்கறா. நாங்க படிச்ச காலத்துல காட்டன்னு ஒண்ணு கிடையாதே அம்மா. (ஓய்வு பெற்ற பெரியவர், தன்லின்)

பதில்: ஐயா, நீங்க படிச்சதும் சரி, பேத்தி சொல்றதும் தப்பில்ல. நம்ம ஊர் இங்கிலீஷ் 1948 ஜனவரி 4 வரைக்கும் இங்க ஆண்ட வெள்ளைக்காரன் இங்கிலீஷ், அதுல கெட், காட், காட். பேத்தி கேக்கறது அமெரிக்கா இங்கிலீஷ், அங்க கிடைச்சுதுங்கற அர்த்தத்துக்கு காட்டன். ஆனா காட்டன் புதுசா முளைச்சது இல்ல, பழசு அதுதான், இங்கிலாந்துல வழக்கம் விட்டுப் போச்சு, கடல் தாண்டிப் போனவங்ககிட்ட தங்கிடுச்சு. இங்கிலாந்துலயும் ஃபர்காட்டன்ல மட்டும் இன்னும் உக்காந்திருக்கு, யாரும் ஹேவ் ஃபர்காட்னு சொல்றதில்ல பாருங்க. லேர்ன்ங்கறதுக்கு கடைசில இடி போட்டும், வெறும் ட் சத்தம் போட்டும் ரெண்டு விதமா எழுதறதும் அமெரிக்கா, இங்கிலாந்து வித்தியாசம்தான். பேத்தி ஒரே பேப்பர்ல ரெண்டையும் கலக்காம இருந்தா போதும்.

கேள்வி: ஐ யாம் போரிங்னு சொன்னேன், வெளிநாட்டு கஸ்டமர் சிரிச்சுட்டார். ஏன்? (டூர் வேலை பாக்கறவர், பகான்)

பதில்: உங்களோட பேசினா தூக்கம் வரும்னு நீங்களே சொல்லிட்டீங்க. சலிப்பு உங்களுக்கு வந்தா போர்ட், அடுத்தவங்களுக்கு நீங்க சலிப்பு கொடுத்தா போரிங். டயர்ட், டயரிங், இன்ட்ரஸ்டெட், இன்ட்ரஸ்டிங் எல்லாம் இப்படித்தான். பாதிக்கப்பட்டவங்க பக்கம் வி த்ரீ.

கேள்வி: 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு த மார்க்கெட்'னு எழுதினதை டியூஷன்ல அடிச்சுட்டாங்க. ஹேட் இருக்கு, கான் இருக்கு, பின்ன என்ன தப்பு? (பியே வாசகி)

பதில்: நேத்து மார்க்கெட் போயிருந்தேன்னு தமிழ்ல சொல்றோமில்லையா, அந்த 'இருந்தேன்'தான் ஹேடா மாறி உள்ள வந்திருக்கு. தமிழ்ல அது சும்மா பேச்சு வழக்கு, இங்கிலீஷ்ல ஹேட் கான்னு சொன்னா அதுக்கு பின்னாடி இன்னொரு சம்பவம் நடந்ததுன்னு அர்த்தம், கேக்கறவங்க அது என்னன்னு காத்துக்கிட்டிருப்பாங்க. ஒண்ணுமே இல்லன்னா 'யெஸ்டர்டே ஐ வென்ட் டு த மார்க்கெட்', முடிஞ்சுது. ஹேவ் கானும் போடக்கூடாது, யெஸ்டர்டேன்னு நாள் குறிச்சுட்டா ஹேவ் அங்க நிக்காது. ஹேட் போடணும்னு ஆசையா இருந்தா ரெண்டாவது சம்பவத்தையும் சேருங்க: 'வென் மை அன்ட்டி கேம், ஐ ஹேட் கான் டு த மார்க்கெட்', அத்தை வந்தப்போ நான் ஏற்கனவே மார்க்கெட் போயிட்டேன், அவங்க பூட்டின கதவைத்தான் பாத்தாங்க. இப்படி எழுதி கொண்டு போய் காட்டுங்க, அடிக்க மாட்டாங்க.